பெயர் கேளாத கேண்மை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பிற் புறநானூற்றின் கோப்பெருஞ்சோழன் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தேன். உறையூர்ச் சோழன் தன் மக்களோடு நேர்ந்த பகையால் மனமுடைந்து வடக்கிருக்கிறான். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கும் ஓரிடம் விட்டுவையுங்கள் என்கிறான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சூழ இருந்த சான்றோர் நம்பவில்லை. ஆனால் ஆந்தையார் வந்தார், தாமும் வடக்கிருந்தார். இவ்வளவையும் சொல்லி முடித்து நூலை மூடும்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இது நட்புத்தானா? இல்லாட்டி...” என்று கேட்டுப் பாதியில் நிறுத்தினான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாணவன் கேட்டதிற் பிழையில்லை. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலித்தல் உலகில் உள்ளதே. அதனை இழிவென்று சொல்ல எனக்கு எவ்வுரிமையும் இல்லை. பாடலில் அப்படி ஒன்று இருக்குமாயின் அதனையும் வகுப்பிற் பேசலாம். என்னை உறுத்தியது வேறு. ஒருவன் இன்னொருவனால் ஈர்க்கப்பட்டான் என்றதுமே அதனை ஒரே கணக்கில் எழுதிவிடும் அவசரமும், அவ்வவசரத்துக்கு நானும் சிரித்து உடன்பட்டதுமே என்னை உறுத்தின. ஆந்தையார் பட்ட உணர்வை நான் பட்டிருக்கிறேன். அதுவும் பதினாறு வயதில், நாயாற்றங்கரையில், மாட்டுவண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. வகுப்பிற் சொல்ல முடியாமற் போன விடையைச் சங்கத்தார் கேட்ட இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து கடலையொட்டித் தெற்கே செல்லும் பாதையிற் சிலாவத்தை, அலம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்தால் நாயாறு வரும். அதற்கப்பாற் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். பெயரில் ஆறு இருப்பினும் நாயாறு ஆறன்று. வன்னிக் காட்டின் நீர் வந்து சேரும் கடல்நீரேரி. மாரியில் வெள்ளம் பெருகி மணற்றிட்டை உடைத்துக் கடலோடு கலக்கும். கோடையில் அலை மணலைக் கொணர்ந்து வாயை அடைத்துவிடும். ஆண்டில் ஒரு பாதி கடலின் உறவு, மறுபாதி தனிமை. எங்கள் ஊரார் பலர் வயலையும் காட்டையும் நம்பியவர்கள். கடலை நம்பியவர்களும் இருந்தார்கள். என் தகப்பனார் இரண்டுக்கும் இடையில் நின்றவர். வாடிகளுக்கு விறகு, தேங்காய், நன்னீர் ஆகியவற்றை வண்டியிற் கொண்டுபோய் விற்பவர்.

வாடி என்றதும் பலருக்குக் கருவாட்டு மணம் மாத்திரமே நினைவுக்கு வரும். அதன் பின்னே ஒரு காற்றுக் கணக்கு உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். கிழக்குக் கரை அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் நிலைமை தலைகீழாகும். ஆகையால் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் சித்திரையை அண்டிக் கிழக்குக்கு வந்து, கடற்கரையில் ஓலை வாடி அமைத்துத் தொழில் செய்து, ஐப்பசி மழைக்கு முன் திரும்பிவிடுவது நெடுங்கால வழக்கம். அக்கரையோரத்தவர் பலர் வீட்டிலே தமிழும் பள்ளியிலே சிங்களமுமாக வளர்ந்தவர்கள். அவர்கள் பேசிய தமிழ் எங்கள் காதுக்கு வேடிக்கையாகவும் எங்கள் தமிழ் அவர்கள் காதுக்குப் புத்தகம் வாசிப்பது போலவும் இருந்தன. வாடியின் முகப்பில் அந்தோனியார் சுருவம் ஒன்றிருக்கும். அதன் முன்னால் எரியும் விளக்குக்கு எண்ணெய் எங்கள் ஊர்க் கடையிலிருந்து போகும்.

1981ஆம் ஆண்டு ஆனி மாதம் என்று நினைக்கிறேன். தகப்பனாருக்குக் காய்ச்சல். நீர்ப்பீப்பா ஏற்றிய வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். கரைவலை வளைத்திருந்தார்கள். இதனை அறியாத வாசகருக்காகச் சொல்கிறேன். வலையின் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குட் சென்று, அரைவட்டமாக வலையை இறக்கி, மறுபக்கத்துக் கயிற்றோடு தூரத்தே கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் அணியாக நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். நடுவில் மீன் சேரும் பை மடி. வலை கரையை நெருங்கும்போது மடிக்கு மேலே ஒருவன் நீந்திக்கொண்டு வருவான். எந்தப் பக்கம் தளர்கிறது, எந்தப் பக்கம் விரைகிறது, வலை அடியிற் கல்லில் மாட்டுகிறதா என்று பார்த்துக் கையை உயர்த்திக் காட்டுவது அவன் வேலை. கரையில் நிற்கும் நாற்பது ஐம்பது பேரின் உழைப்பும் அந்த ஒரு கையின் அசைவில் இருக்கும்.

அன்று அந்தக் கை உயர்ந்ததைப் பார்த்தேன். வேறு என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலை ஏறியதும் அவன் நீரிலிருந்து நடந்து வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான். உயரமில்லை, அழகனென்றும் சொல்ல முடியாது, முன்பல்லொன்று உடைந்திருந்தது. பீப்பாவிலிருந்து ஒரு பேணி நீர் வாங்கி, தான் குடிக்காமல் அருகில் நின்ற கிழவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பேணிக்குக் கையை நீட்டினான். அவ்வளவுதான்.

அவனை எல்லோரும் சூட்டி என்றழைத்தார்கள். அது பெயரன்று. சிங்களத்திற் சின்னவன் என்று பொருள்படும் செல்லச்சொல். வீட்டின் கடைக்குட்டிக்கு வைப்பது. மூத்தவனைப் பெயர் சொல்லி அழைப்பது எங்களூரில் மரியாதையன்று. ஆகையால் நான் சூட்டி அண்ணை என்றேன். ‘சின்னத்தம்பி அண்ணை’ என்பது போன்ற அந்த அழைப்பைக் கேட்டு வாடியே சிரித்தது. அவன் என்னைத் தண்ணித் தம்பி என்றான். மூன்று பருவங்கள் நாங்கள் அப்படியே அழைத்துக்கொண்டோம். அவனுடைய ஞானஸ்நானப் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்தக் கிராமம் என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதாக அப்போது தோன்றவேயில்லை.

தகப்பனாருக்குக் காய்ச்சல் மாறியபின்பும் வண்டியை நானே ஓட்டினேன். வீட்டில் எல்லோருக்கும் வியப்பு, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று. உண்மையில் ஒவ்வொரு நாளும் வாடிக்குப் போவதற்கு எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அவனைப்போலச் சாரத்தை மடித்துக் கட்டினேன். மணலிற் குதியை அழுத்தி அவன் நடப்பதைப்போல ஒழுங்கையில் நடந்தேன். “வாடிக்காரன் மாதிரி நடக்காதை” என்று அம்மா ஏசினார். அவன் எங்கள் ஊரிலிருந்து போன வேறொரு பையனுக்கு மடிமேல் நீந்தக் கற்றுக்கொடுத்தான் என்று அறிந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் நான் கடலில் ஓரிடத்தைக் காட்டி அங்கே நிறம் கறுத்திருக்கிறதே என்றேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சம்மாட்டியிடம், “தம்பி நல்லாப் பாக்கிறான்” என்றான். சூடைக் கூட்டம். அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் வாழ்ந்தேன்.

இதற்குள் நகைப்புக்குரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டில் முல்லைத்தீவில் ரியூசன் வகுப்புக்கு வந்த பெண்ணொருத்தியை நான் காதலித்துக்கொண்டும் இருந்தேன். கொடுக்காத கடிதங்கள் பதினொன்று எழுதினேன். அந்த உணர்வும் இந்த உணர்வும் என்னுள் ஒருநாளும் கலந்ததில்லை. அவளைக் காணும்போது தலைமயிரைச் சீவிக்கொள்ளத் தோன்றும். அவனைக் காணும்போது செய்துகொண்டிருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யத் தோன்றும். அவள் என்னோடு பேசவேண்டுமென்று விரும்பினேன். அவன் பேசவேண்டியதில்லை, நான் அவ்விடத்தில் நிற்பது அவனுக்குத் தெரிந்தாற் போதும்.

ஏன் அவன்? வாடியில் அவனினும் வலியவர்களும் நன்றாகப் பாடுபவர்களும் இருந்தார்கள். இப்போது எண்ணிப் பார்க்கையில் ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. சம்மாட்டி வலை வளைக்கச் சொன்னார். சூட்டி கடலைப் பார்த்து, நீரோட்டம் சரியில்லை, இப்போது வேண்டாம் என்றான். சம்மாட்டி எல்லார் முன்னிலையிலும் அவனை ஏசினார். அவன் சரி என்று சொல்லித் தோணியில் ஏறினான். நாலு மணித்தியாலம் இழுத்தார்கள். மடியிற் சாதாளையும் சொறியும்தான் வந்தன. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சம்மாட்டியைப் பார்க்கவில்லை. குனிந்து, வலையிற் சிக்கியிருந்த சாதாளையைக் கழற்றத் தொடங்கினான். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதைப் பெருமையாகக் காட்டவுமில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கும்போது வாயை மூடிக்கொள்ள எனக்கு இந்த வயதிலும் தெரியாது. அவனுக்குப் பதினெட்டு வயதிலேயே தெரிந்திருந்தது.

இவ்வுணர்வுக்குத் தமிழில் என்ன பெயர்? நட்பு என்றால் அது இருவழிப்பட்டது. கொடுக்கல் வாங்கல் உண்டு. அவனுக்கு நான் நண்பனாக இருந்தேனா என்பதே ஐயம். காதலன்று. பக்தியுமன்று, அவன் உடைந்த பல்லைக் காட்டிச் சிரிக்கும் மனிதன். ஆங்கிலம் பேசும் இளையோர் உடலின்பமோ மணமோ நாடாத இத்தகைய மயக்கத்துக்கு அண்மைக் காலத்திலே ‘ஸ்குவிஷ்’ என்றொரு சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். கேட்பதற்குப் பழுத்த பழத்தை மிதித்தது போல இருக்கிறது. அதற்குமுன் வழங்கிய ‘பிளேட்டோனிக்’ என்பதும் பொருத்தமான சொல்லன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியிலே புளோரன்ஸ் நகரத்து ஃபிசினோ என்னும் அறிஞர் வழக்கிற் கொணர்ந்த தொடர் அது. பிளேட்டோவின் ‘விருந்து’ என்னும் உரையாடலை வாசித்தாலோ, அங்கே ஆடவர் ஆடவர்மீது கொள்ளும் காமமும் தாராளமாகவே பேசப்படுகிறது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலில் எனக்கு ஓரளவு விடை கிடைத்தது. எண்வகை மெய்ப்பாட்டில் ஒன்று மருட்கை. வியப்பு என்று உரையாசிரியர் சொல்வர். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழியாகப் பிறக்கும் என்பது ஆசிரியர் கருத்து. பெருமையைக் கண்டு வியத்தல் எவருக்கும் விளங்கும். சிறுமையைக் கண்டும் வியப்புப் பிறக்கும் என்று ஏன் சொன்னார்? உரைகள் நுண்ணிய பொருள்களை எடுத்துக்காட்டாகத் தருவதுண்டு. நான் அவ்விடத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒரு பேணி நீரை அடுத்தவரிடம் கொடுத்த கையே கண்முன் வருகிறது. காதல் வரவேண்டிய இடத்திற் காதலும், அச்சம் வரவேண்டிய இடத்தில் அச்சமும் வருவதைப்போல, வளரும் பருவத்தில் ஒரு மனிதனைக் கண்டு மருளுதல் தானாகவே வருகிறது. அதனைத் தனியாக எண்ணிப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். நாம்தான் மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்குரிய மனனப் பகுதியாக்கிவிட்டோம்.

பெண்களிடத்தும் இது உண்டு. ஆனால் நம் பழம்பாடல்களில் அதற்கு இடம் குறைவு. அகப்பாடலின் தோழி எவ்வளவு அறிவுடையவள்! எனினும் அவளுடைய அறிவு முழுவதும் தலைவியின் காதலைக் கரைசேர்க்கவே செலவாகிறது. தோழி தலைவியைக் கண்டு வியந்தாளா, தலைவி தோழியைக் கண்டு பொறாமைப்பட்டாளா என்று ஒருவரும் பாடவில்லை. என் தமக்கை விடுதியிலிருந்து படித்தபோது மூத்த மாணவி ஒருத்தியின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தையே மாற்றிக்கொண்டாள். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ தெரியாது. தமக்கை இன்றும் எழுதும் ழகரம் அவளுடையது.

வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒருமுறை அவனை அழைத்துப் போனேன். வைகாசித் திங்கட்கிழமை, மாவட்டமே அங்கே திரண்டிருந்தது. கடலிலிருந்து எடுத்த உப்புநீரில் விளக்கெரியும் வழக்கத்தைச் சொல்லி, அவன் நம்புவானோ என்று முகத்தைப் பார்த்தேன். “கடல்தண்ணிக்கு எரியவும் தெரியும், தம்பி” என்றான். அவன் பகடியாகச் சொன்னானா, மெய்யாகச் சொன்னானா என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்தின் பின் எங்கள் கரையிற் பேச்சுக் குறைந்தது. மறு ஆண்டுப் பருவத்தில் வாடிகள் வந்தன. ஆனால் முன்னைப்போல ஊருக்குள் வருவாரில்லை. தகப்பனார் நீர் விற்பதை நிறுத்திவிட்டார். நான் உயர்தர வகுப்பு மாணவனாக முல்லைத்தீவில் தங்கியிருந்தேன். என் வகுப்புத் தோழர் பலர் பேசிய பேச்சு மாறியிருந்தது. சிலர் வகுப்புக்கு வருவதையே விட்டிருந்தார்கள். அவ்வாண்டு புரட்டாசியில் ஒருநாள் பேருந்து நிலையத்தில் நாலைந்து பேராக நின்றோம். எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து சூட்டி வெளியே வந்தான். கையில் நைலோன் நூற்கட்டு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “தண்ணித் தம்பி!” என்று கூப்பிட்டான்.

நான் திரும்பவில்லை.

அருகில் நின்றவன், “உன்னையே கூப்பிடுறான்?” என்று கேட்டான். “இல்லை, ஆரோ” என்றேன். அவன் மறுமுறை கூப்பிடவில்லை. சற்று நேரத்துக்குப் பின் ஓரக்கண்ணாற் பார்த்தேன். நூற்கட்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மணலில் நடப்பதைப்போலவே தார் வீதியிலும் குதியை அழுத்தி நடந்து போய்க்கொண்டிருந்தான். சம்மாட்டி ஏசிய நாளில் அவன் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அன்றும் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். முகத்தை நான் பார்க்கவில்லை.

1984 டிசம்பர் முதலாம் நாள் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவரின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன; பலர் கொல்லப்பட்டனர். அம்மாதமே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு வெளியேறினர். வயலும் வீடும் காடாகிப் பல்லாண்டுகள் கிடந்தன. எங்கள் குடும்பமும் பெட்டியோடு முள்ளியவளைக்குப் போயிற்று. பருவம் முடிந்து வாடிக்காரர் ஐப்பசியிலே திரும்பிவிடுவது வழக்கம். ஆனால் சில வாடிகள் மாரியிலும் நிலைத்திருக்கத் தொடங்கிய காலம் அது. சூட்டி அந்த மார்கழியில் அங்கே இருந்தானா, தன் ஊரில் இருந்தானா என்று எனக்குத் தெரியாது. எவரையும் கேட்கவும் துணியவில்லை. எங்கள் ஊரார் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சிங்களவனைப் பற்றி யாரிடம் கேட்பது? கேட்பதாயினும் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

பேராதனைக்கு வந்தபின் புறநானூற்றை முறையாகப் படித்தேன். சோழன், ஆந்தையார் வருவாரோ என்று ஐயுறும் சான்றோரை நோக்கிச் சொல்லும் பாட்டொன்று உண்டு. அந்த மனிதர் தம் பெயர் கூற நேரும்போது தம் பெயரைச் சொல்லாமற் சோழன் என்று என் பெயரையே சொல்பவர் என்கிறான் அரசன். விரிவுரை மண்டபத்தில் அவ்விடம் வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆந்தையார் காணாதவனுடைய பெயரைத் தம் பெயராகச் சுமந்தார். நான் மூன்று பருவங்கள் கண்டவனுடைய பெயரை அறியாதிருந்தேன். அவன் எனக்கு வைத்த பெயரால் என்னை அழைத்தபோது அது என்னுடையதன்று என்றும் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஆந்தையாரைப் போற்றுவர். எனக்கு அப்பாடல்களில் நெருக்கமானவர் பொத்தியார். அவர் அரசனுடனேயே இருந்தவர். உடன் வடக்கிருக்க விரும்பியவர். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். திரும்பி வந்து பார்க்கையிற் கல் நட்டாயிற்று. அந்த நடுகல்லை நோக்கி எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். காலத்துக்கு வந்து சேராத மனிதனின் பாட்டு அது. எனினும் பொத்தியார் தாமதித்தது அரசன் சொல்லால். என் தாமதத்துக்கு அப்படியொரு நியாயம் இல்லை.

இத்தகைய மருட்கை நல்ல முறையில் இருவழிப்பட்டு முதிர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு எங்கள் பல்கலைக்கழகமே சான்று சொல்லும். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேராதனையிற் பயின்று, பின்னர் இருவருமே பர்மிங்காமிற் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்கள். ஒருவர் பழந்தமிழ் வீரநிலைக் கவிதையையும் மற்றவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயரும் கூடவே வரும் அளவுக்கு அவ்வுறவு இருந்தது. கைலாசபதி 1982 டிசம்பரில் நாற்பத்தொன்பது வயதில் மறைந்தார். சிவத்தம்பி 2011 வரை வாழ்ந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள், உடன் வாதிட ஆளின்றி! பிரான்சிலே மொந்தேன், தன் நண்பன் லா பொயெசி 1563இல் இறந்தபின், நட்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அத்துணை கூர்ந்த அறிவுடையவர், அவனை ஏன் விரும்பினேன் என்பதற்கு மட்டும் காரணம் காட்ட முடியாமல் நிற்கிறார். அவ்விடத்தை வாசித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபின் ஊர்க்காணியைப் பார்க்கச் சிலமுறை போனேன். 2004 ஆழிப்பேரலையையும் 2009ஐயும் கண்ட கரை அது. அவற்றைப் பற்றி என்னிலும் உரிமையுடையோர் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரையை இனநல்லுறவுக்குச் சான்றாக எவரேனும் எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சி ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தென்பகுதியிலிருந்து வந்து தொழில் செய்வோருக்கும் எங்கள் மீனவருக்கும் நாயாற்றில் உள்ள வழக்கு மெய்யான வழக்கு. படகின் எண்ணிக்கை பற்றியது, கரையின் உரிமை பற்றியது, வயிறு பற்றியது. 2018 ஆகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் வாடிகளும் வள்ளங்களும் வலைகளும் எரிக்கப்பட்டன. ஒருவனை நான் வியந்ததனால் அந்த நெருப்பு சிறிதாகிவிடாது. அந்த நெருப்பினால் ஒரு பேணி நீரும் பொய்யாகிவிடாது.

2023 ஆவணியில் நாயாற்றுப் பாலத்துக்கு அண்மையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கரைக்கு இறங்கினேன். ஓலை வாடிகளுக்குப் பதிலாகத் தகரமும் தறப்பாளும். நார்க்கண்ணாடிப் படகுகள், வெளியிணைப்பு இயந்திரங்கள். கரைவலைக் கயிற்றை உழவு இயந்திரத்திற் பூட்டிய பொறி சுற்றி இழுப்பதை வேறு கரைகளிற் கண்டிருக்கிறேன். இழுக்கும் ஆட்கள் இல்லாததால் அம்பாப் பாட்டும் இல்லை. ஒரு வாடியின் நிழலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். சிலாபத்துப் பக்கத்துத் தமிழிலே பதில் வந்தது. அந்த ஓசையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது ஆண்டுகளாகக் கேளாததைக் கேட்டேன். முன்னொரு காலம் இங்கே கரைவலையில் மடிமேல் நீந்திவரும் ஒருவர் இருந்தார், சூட்டி என்று சொல்வார்கள்.

அவர் ஊசியை நிறுத்தாமலே சிரித்தார். “எங்கட பக்கம் வீட்டுக்கு ஒரு சூட்டி இருப்பான், ஐயா. எந்தச் சூட்டி? ஆருட மகன்?”

தெரியாது என்றேன். முன்பல் உடைந்திருக்கும் என்றேன். குதியை அழுத்தி நடப்பார் என்றேன். சொல்லச் சொல்ல, நான் சொல்வது எந்தக் கடற்கரையிலும் எந்த மனிதனுக்கும் பொருந்தும் என்று எனக்கே தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த மார்கழியில் இங்கே இருந்தவரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆயினும் இருவரும் அதனையே நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவர் ஊசி நின்ற விதத்தில் விளங்கிற்று.

“அவர் உங்களுக்கு என்ன முறை?” என்றார்.

சிநேகிதன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை.

“நான் அவருக்குத் தண்ணி கொண்டுவந்து குடுக்கிறனான்” என்றேன்.

அவர் தலையசைத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போய், கேத்திலிலிருந்து பிளேன்ரீ ஊற்றி, தன்னுடைய பேணியிலேயே கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.